புயல் நிவாரணமும் நில ஆவணமும்: மரக்காணம் கடற்கரைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இயற்கைப் பேரிடரில் பயிரிழந்த விவசாயிகளுக்கு அரசு வழங்கும் நிவாரணத் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அது யாரைச் சென்றடைகிறது என்பதை 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபெஞ்சல் புயல், இடுபொருள் நிவாரணம், குத்தகை, உப்பளம், மரக்காணம்.

முன்னுரை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் வரையிலான கடற்கரை ஊர்களும் அவற்றின் மேற்கேயுள்ள வயல்களும் இப்புயலின் நேரடிப் பாதையில் இருந்தன.

நிவாரணத் தொகையும் அதன் இயல்பும்

2024 டிசம்பர் 3ஆம் நாள் தமிழ்நாடு அரசு நிவாரணத்தை அறிவித்தது. அதன்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிப் பயிர்களுக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ரூ.22,500 என வரையறுக்கப்பட்டது. இவ்விகிதங்கள் 2022-26 காலத்திற்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நெறிமுறைகளை ஒட்டியவை. இந்நிதியில் 75 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு. 25 விழுக்காடு மாநிலத்தின் பங்கு.

ஓர் ஏக்கர் ஏறத்தாழ 0.405 ஹெக்டேர் ஆதலின், ஓர் ஏக்கர் நெல்லுக்குக் கிடைத்தது சுமார் ரூ.6,885 மட்டுமே. நெறிமுறைகள் இதனை இழப்பீடு என்று குறிப்பிடவில்லை. அடுத்த சாகுபடிக்கான இடுபொருள் உதவி என்றே வகைப்படுத்துகின்றன. விளைச்சலின் மதிப்பை ஈடுசெய்வது பயிர்க் காப்பீட்டின் பணியாகும். காப்பீடு செய்யாத விவசாயிக்கு இவ்வுதவியே முதலும் முடிவுமாக அமைந்துவிடுகிறது.

எல்லைக்கோட்டின் விளைவு

வானூர் வட்டத்தின் ஊர்களும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியைக் கடந்து வடக்கே சென்றால் புதுச்சேரிக்குரிய காலாப்பட்டு வரும். அதற்கப்பால் மீண்டும் தமிழ்நாடு. இப்புயலுக்குப் புதுச்சேரி அரசு பயிர்ச் சேதத்திற்கு ஹெக்டேருக்கு ரூ.30,000 அறிவித்தது. ஒரே மழையில் மூழ்கிய நெல்லுக்கு, வயல் எல்லையின் எப்பக்கம் உள்ளது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுபட்டது.

ஆவணத்தில் இல்லாதோர்

சேதக் கணக்கெடுப்பை வருவாய்த்துறையும் வேளாண்மைத் துறையும் இணைந்து மேற்கொள்கின்றன. பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு ஆகியவை சான்றுகளாகின்றன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்திருப்பினும், வாய்மொழிக் குத்தகை பதிவேட்டில் ஏறுவதில்லை. விதையும் உரமும் கடன்பட்டு வாங்கியவர் ஒருவராகவும், நிவாரணத்திற்குரிய பெயர் வேறொருவருடையதாகவும் இருக்கும் நிலை இதனால் உருவாகிறது.

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் நிலை வேறு. உப்பு, பயிர் அன்று; ஆகவே ஹெக்டேர் கணக்கிலான பயிர் நிவாரணம் பாத்திகளுக்குப் பொருந்தாது. தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு வழங்கும் ரூ.5,000 மழைக்கால உதவி, ஆண்டுதோறும் உற்பத்தி நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்திற்குரியது. புயலால் உடைந்த வரப்பையும் சேறு படிந்த பாத்தியையும் சீரமைக்கும் செலவு அதன் கணக்கில் வரவில்லை.

முடிவுரை

நிவாரண முறை நிலத்தை அளக்கிறது, உழைப்பை அளக்கவில்லை. கணக்கெடுப்பின்போதே உடைமையாளர் பெயரோடு சாகுபடி செய்தவரின் பெயரையும் களத்தில் பதிவு செய்தல், உப்பளச் சேதத்தை நெறிமுறைகளில் தனி இனமாகச் சேர்த்தல் ஆகிய இரண்டும் இவ்விடைவெளியைக் குறைக்கும். தொகையை உயர்த்துவது மட்டுமே தீர்வாகாது. உயர்த்தப்படும் தொகையும் ஆவணத்தில் உள்ள பெயருக்கே செல்லும்.