பாஸ்போர்ட்டுக்குள் பேசும் சிப்

இ-பாஸ்போர்ட்டில் பதிக்கப்பட்டிருக்கும் சிப்புக்குச் சொந்த மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி பத்து சென்டிமீட்டர் அளவில் நெருங்கியதும், அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதில் சொல்லத் தொடங்கும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகப்படம் எல்லாம் அதில் உண்டு. தொடாமலேயே படிக்க முடிவது குடியேற்ற அதிகாரிக்கு வசதி. பயணிக்கோ தன் பாஸ்போர்ட் எப்போது படிக்கப்பட்டது என்பதே தெரியாது.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2005இல் முன்வைத்த திட்டத்தில் இந்தத் தகவல்களுக்குப் பூட்டே இல்லை. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது வந்த 2,335 கருத்துகளில் 98.5 சதவீதம் எதிர்ப்பு. அந்த எதிர்ப்புக்குப் பலன் கிடைத்தது: அட்டையில் அலைகளைத் தடுக்கும் உலோகப் பொருள் சேர்ந்தது, சாவி கொடுத்தால்தான் சிப் திறக்கும் என்ற ஏற்பாடும் வந்தது.

ஆனால் அந்தச் சாவி எது? பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றும்தான். மூன்றும் படமுள்ள பக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. விடுதிகளிலும் முகவர் அலுவலகங்களிலும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். நகல் இல்லாமலும் சாவியை ஊகிக்க வழி இருந்தது. நெதர்லாந்தில் பாஸ்போர்ட் எண்கள் வரிசையாக வழங்கப்பட்டதால், ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த உரையாடலிலிருந்து சாவியைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கணினியால் கண்டுபிடிக்கலாம் என்று ரிஸ்க்யூர் நிறுவனம் காட்டியது.

உள்ளே இருப்பதைப் படிக்காமலேயே ஆளைப் பின்தொடரலாம் என்பது இன்னும் கவலைக்குரியது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் டாம் சோத்தியாவும் விட்டாலி ஸ்மிர்னோவும் இதை 2010இல் விளக்கினர். ஒருவருடைய பாஸ்போர்ட்டுடன் எல்லையில் நடந்த உரையாடலில் ஒரு செய்தியைப் பதிவு செய்து, பின்னர் எதிர்ப்படும் சிப்புகளுக்கு அதையே திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாச் சிப்புகளும் அதை மறுக்கும். ஆனால் அதே பாஸ்போர்ட்டின் சிப் மட்டும் தன் சாவியால் ஆன செய்தி என்று அறிந்து, அடுத்த கட்டச் சோதனையில்தான் மறுக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட் அப்போது வேறொரு பிழைச் செய்தியைத் தந்தது. மற்ற நாட்டு பாஸ்போர்ட்டுகள் பதில் தரச் சற்றுத் தாமதித்தன. அந்தத் தாமதமே ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

போலி என்பது தனிச் சிக்கல். சிப்பிலுள்ள தகவலில் வழங்கிய நாட்டின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அதைச் சரிபார்க்க அந்த நாட்டின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ்களைப் பகிர்ந்துகொள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2007இலேயே பொதுக் களஞ்சியம் தொடங்கியது. அப்படியிருந்தும், அமெரிக்க எல்லைக் காவல் துறையிடம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருளே இல்லை என்று செனட்டர்கள் வைடனும் மெக்காஸ்கிலும் 2018இல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சரிபார்க்கப்படாத கையொப்பம் யாரையும் காக்காது. சரிபார்த்தாலும், அப்படியே நகலெடுத்த சிப்பின் கையொப்பம் செல்லுபடியாகவே இருக்கும். அதைப் பிடிக்க, வெளியே எடுக்க முடியாத தனி ரகசியச் சாவி சிப்புக்குள் இருக்க வேண்டும்.

‘பேஸ்’ என்ற புதிய நெறிமுறையில், உரையாடலை ஒட்டுக்கேட்டுச் சாவியை ஊகிக்கும் வழி அடைபட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இன் இறுதியில் அதைக் கட்டாயமாக்கியது. அங்கு விரல் ரேகைக்கு இன்னொரு பூட்டும் உண்டு; வழங்கிய நாடு அனுமதித்த கருவிகளுக்கு மட்டுமே அது திறக்கும். பாஸ்போர்ட் எண் கசிந்தால் புதிய எண் வாங்கிக்கொள்ளலாம், விரல் ரேகைக்கு அந்த வழி இல்லை என்பதால் இந்த இரண்டாம் பூட்டு மிக அவசியம்.