பரங்கி இலையில் வெள்ளை, மஞ்சள், கருகல்

கொல்லையும் கொடியும் – 17

மார்கழி பிறந்துவிட்டால் கோடியக்கரைப் பக்கம் பரங்கிக்கொடிக்குத் தனி மவுசு. கோலத்து நடுவில் வைக்கும் சாணி உருண்டையில் செருகத் தினம் ஒரு பூ வேண்டும். பொங்கலன்று கூட்டுக்கு ஒரு கீற்றாவது வேண்டும். ஆடி, ஆவணியில் குப்பைக்குழி ஓரம் ஊன்றிய விதை கொட்டகைக் கூரைமேல் ஏறிக் காயோடு படுத்திருக்கும் காலம் அது. மருந்துக்கடையில் இந்தப் பேச்சு கேட்பதும் அப்போதுதான்.

"அண்ணே, பரங்கி எல வெளுத்துப்போச்சு. ஏதாவது மருந்து குடுங்க."

"வெள்ளையா இருக்கா, மஞ்சளா இருக்காம்மா?"

"ரெண்டுந்தான் இருக்கு."

இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடும். அதைப் பிரிப்பதற்கு முன்னால் கொடியடியில் ஒரு கால் மணி நேரம் குந்தியிருந்து பார்த்தால், பல சமயம் பிரிக்கவே வேண்டியிருக்காது.

நோயே இல்லாத வெள்ளை ஒன்று உண்டு. பரங்கி இலையில் நரம்பு கிளை பிரியும் இடங்களில் வெள்ளி பூசினாற்போல் திட்டுத் திட்டாக இருக்கும். அது பிறவிக் குணம். இலையின் மேல்தோலுக்கும் அடியிலிருக்கும் பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று தங்குவதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒன்றும் ஒட்டாது, திட்டும் அழியாது. இந்த வெள்ளைக்கு மருந்தடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மருந்தடித்தும் போகவில்லையே என்று இன்னொரு மருந்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டுகிறதா? அதுதான் சாம்பல் நோய். முதலில் அடியிலைகளில் சிறு வட்டங்களாகத் தொடங்கி, மேற்புறம், கீழ்ப்புறம், காம்பு என்று பரவும். இந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். அடித்துப் பெய்கிற மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பகலில் வெயிலும் இரவில் கடலோர ஈரமுமாக மாறும் தை, மாசியில் கொடியை மூடுகிறது.

மழைக்காலத்து நோய் வேறு. மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் வரும். வட்டமாக இருக்காது, கோணல் கட்டங்களாக இருக்கும். நரம்புகள் வேலி போட்டதுபோல் அந்த மஞ்சளை நிறுத்திவைத்திருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கட்டங்கள் பளிச்சென்று தெரியும். பொழுது விடிந்ததும் அதே இடத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சணம் இருக்கும். வெயில் ஏறினால் அது மங்கிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் இலையைப் பறித்து, ஈரத்துணியோடு ஒரு பாலித்தீன் பையில் கட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடிப்பக்கம் பூஞ்சணம் ஏறியிருந்தால் அது அடிச்சாம்பல் நோய்தான். 1868-ல் கியூபாவில் முதலில் பதிவான இந்த நோய் இன்று வெள்ளரி, பரங்கி, பீர்க்கு விளையும் நாடுகளெங்கும் இருக்கிறது.

பேரில் இரண்டும் சாம்பலே தவிர, கிருமிகள் உறவே கிடையாது. அடிச்சாம்பலை உண்டாக்குவது மெய்யான பூஞ்சையே அல்ல. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு குலம். ஆகவே சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு அரை கிராம் சொல்லப்படும் கார்பென்டாசிம், அடிச்சாம்பலை அசைக்காது. அதற்குப் பரிந்துரை மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. அது சாம்பல் நோய்க்குப் பெரிதாக உதவாது. கடைக்காரர் வெள்ளையா மஞ்சளா என்று கேட்டது சரியான கேள்வி. பதில்தான் சரியாகப் போகவில்லை. பழைய கையேடுகளில் சாம்பல் நோய்க்கு டைனோகேப் என்று எழுதியிருக்கும். 2023-ல் அதை மத்திய அரசு தடை செய்துவிட்டது. யாராவது பழைய புட்டியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கந்தகத்தூளும் தாமிர மருந்தும் பரங்கிக் குடும்பத்து இலையைக் கருக்கிவிடும் என்று வேளாண் பல்கலைக்கழகக் கையேடே எச்சரிக்கிறது.

வீட்டுக் கொல்லையில் நாலு கொடிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், நான் போகமாட்டேன். பால் இருக்கிறது. 1999-ல் வாக்னர் பெட்டியோல் என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர், பரங்கியின் பங்காளியான சுக்கினிச் செடியில் பசும்பாலைத் தெளித்துப் பார்த்தார். நூற்றுக்குப் பத்துப் பங்கு பால் கலந்த தண்ணீரே சாம்பல் நோயை ரசாயன மருந்துக்கு இணையாகக் கட்டுப்படுத்தியது. 100 மில்லி பாலில் 900 மில்லி தண்ணீர். வாரம் ஒரு முறை, நோய் தொடங்கும்போதே, இலையின் இருபுறமும் நனைய வேண்டும். மாவு அப்பிய பிறகு தெளித்தால் பால்தான் வீண். நம் பக்கத்தில் புளித்த மோரைத் தெளிப்பவர்களும் உண்டு.

ஆப்பச்சோடாவை மட்டும் வேண்டாம் என்பேன். சாம்பல் நோய்க்கு அதுவும் கைவைத்தியம்தான். மற்ற ஊர்களில் செய்துகொள்ளட்டும். அது சோடியம். கோடியக்கரை மணலில் ஏற்கெனவே இருக்கும் சோடியம் போதாதென்று காசு கொடுத்து வாங்கி ஊற்றுவானேன்?

உப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கரையில் இலை நோய் பேச முடியாது. 1930-ல் ராஜாஜி உப்பள்ளிய வேதாரண்யம் கூப்பிடு தூரம். அகஸ்தியம்பள்ளி உப்பளம் அதற்கும் இப்பால். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும்போது பரங்கி இலை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காயும். விளிம்பு முழுக்கப் பழுப்பு, நடுவில் பச்சை, புள்ளியோ பூஞ்சணமோ கிடையாது. கடல் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தால் காற்றில் வந்த உப்பு. எல்லாப் பக்கமும் கருகினால் தண்ணீரில் வந்த உப்பு. காற்றுக்குக் கீற்றுத் தட்டி மறைப்பு போதும். தண்ணீருக்கு, மழைக்காலத்தில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரை வேரடியில் நிறைய ஊற்றி உப்பைக் கீழே தள்ள வேண்டும். மக்கிய குப்பையும் சருகும் மேலே மூட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது உப்பை மேலேயே குவிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது கடல் ஏறிய கொல்லைகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை.

இனி மஞ்சள். எந்த வயது இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். கிழட்டு இலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி வெளுத்தால் மக்னீசியப் பற்றாக்குறை. மணலில் சத்து தங்காது. நுனிக்கொழுந்து மஞ்சளும் பச்சையுமாக, சுருண்டு, கொப்புளித்து வந்தால் தேமல் நோய். அது வைரஸ். வெள்ளை ஈயும் அசுவினியும் தூக்கிக்கொண்டு வரும். அதற்கு மருந்து இல்லை. பிஞ்சுக்கொடியில் வந்தால் பிடுங்கிவிட வேண்டியதுதான். காய் பருத்த பின் வந்தால் விட்டுவிடலாம். அந்தக் காயைச் சமைத்துச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் வராது.

நோயிலையைக் கொளுத்தியும் மறுபடி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் வேலியைப் பார்க்க வேண்டும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு உயிருள்ள இலைதான் வீடு. வேலியில் தானாக ஏறிய கோவைக்கொடி, பக்கத்து வீட்டுப் பாகல் எதுவானாலும் தங்கிக்கொள்ளும். வேலியைக் கழிக்கும்போது சாம்பல் படிந்த இலையில் உளுந்தளவு எலுமிச்சை மஞ்சள் பொறிவண்டு ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது தின்பது பூஞ்சையை, இலையை அல்ல. செம்மஞ்சள் முதுகில் நிறையக் கறுப்புப் புள்ளியோடு இலையைச் சல்லடையாக்குவது வேறு வண்டு.

எதைத் தெளித்தாலும் சாயங்காலம் தெளியுங்கள். பரங்கிப்பூ விடியலில் விரிந்து உச்சிக்குள் மூடிவிடும். தேனீ வரும் நேரம் அதுதான். தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். அதையும் நோய் என்று சொல்லி மறுபடி கடைக்குப் போவோம்.

தை கடைசியில் கொடி முழுக்க வெளுத்து, காய்க்காம்பும் காய்ந்து, தோலில் நகம் இறங்கவில்லையென்றால் பால்கூட வேண்டாம். இலை உதிர்ந்து காய் வெயிலில் வெந்துபோகாமல் மேலே கொஞ்சம் வைக்கோலைப் போட்டுவிட்டு, ஒரு விரல் நீளம் காம்போடு அறுத்து நிழலில் வையுங்கள்.

அடுத்த வாரம்: பீர்க்கங்காயில் பழ ஈ.

(தொடரும்)