குதிரைக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து... இந்தப் பழக்கம் ஏன் ஆபத்தாகிறது?

குதிரை வளர்ப்பவர்களில் பலர் காலண்டரைப் பார்த்துத்தான் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். 2 மாதம் ஆயிடுச்சா, வாயில் ஒரு டோஸ் பேஸ்ட், அவ்வளவுதான். வயிற்றில் புழு இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே வராது. ஆனால் இப்படிக் கொடுத்துக் கொடுத்தே மருந்துக்கு அடங்காத குடற்புழுக்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. 'முதலில் லத்தியை டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் மருந்து' என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

2 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் குதிரைகளைக் கொன்று குவித்தது 'ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்' என்ற ரத்தப் புழு. புல்லோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் இதன் லார்வா, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஏறி, மாதக்கணக்கில் அங்கேயே வளரும். ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு போய் எங்காவது அடைத்தால், குடலின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் அழுகிவிடும். வலி தாங்காமல் தரையில் புரண்டு துடித்தே குதிரை செத்துப்போகும்.

இதற்கு ஒரு வழி சொன்னவர்கள் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்ரட்ஜ், லயன்ஸ். மருந்து கொடுத்த சில வாரங்களில் லத்தியில் மறுபடியும் புழு முட்டை தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் அடுத்த டோஸ் கொடுத்தால் மேய்ச்சல் நிலத்தில் முட்டையே விழாது என்பது அவர்கள் கணக்கு. 1966இல் வந்த இந்த யோசனைதான் '6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை' என்று உலகம் முழுக்கப் பரவியது. பலனும் கிடைத்தது. ரத்தப் புழு பல இடங்களில் அபூர்வமாகிவிட்டது.

அப்போ எதுதான் பிரச்சனை?

ரத்தப் புழு போன இடத்தில் 'சையாத்தோஸ்டோமின்' எனப்படும் சின்ன ஸ்ட்ராங்கைல் புழுக்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு டோஸிலும் பலவீனமான புழு செத்து, தாங்கும் சக்தி உள்ளது மட்டும் தப்பிக்கிறது. தப்பித்ததன் வாரிசுகள்தான் அடுத்த தலைமுறை. ஃபென்பெண்டசோல் இவற்றிடம் பல நாடுகளில் எடுபடுவதில்லை. ஐவர்மெக்டினின் பலமும் சில இடங்களில் குறைந்து வருகிறது. (கொரோனா சமயத்தில் அமெரிக்காவில் சிலர் குதிரை பேஸ்ட்டை வாங்கிச் சாப்பிட்டு, 2021இல் அந்நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்க வேண்டியதானதே, அதே ஐவர்மெக்டின்தான்.) இந்தப் புழுக்களுக்கு எதிராக 1980களுக்குப் பிறகு முற்றிலும் புதிய வகை மருந்து எதுவும் வரவில்லை. கையில் இருப்பதையும் வீணடித்தால் மாற்று கிடையாது.

இந்தச் சின்னப் புழுவின் லார்வா குடல் சுவருக்குள் புதைந்து, சில சமயம் 2 வருடம்கூடத் தூங்கும். லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் குடல் சுவரே புண்ணாகும். கடுமையான பேதி, சட்டென்று எடை குறைவது, வயிற்றுக்கு அடியில் வீக்கம் எல்லாம் வரும். சிகிச்சை கொடுத்தும் பாதிக் குதிரைகள் வரை பிழைக்காமல் போகலாம்.

லத்தி டெஸ்ட் என்றால் என்ன?

புதிதாகப் போட்ட லத்தியில் கொஞ்சம் எடுத்து, காற்றுப் புகாத கவரில் கட்டி, சூடு படாமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுவார்கள். 200க்குக் கீழே இருந்தால் குறைவு, 500ஐத் தாண்டினால் அதிகம். பொதுவாக ஒரு கூட்டத்தில் சுமார் 20 சதவீதக் குதிரைகள்தான் 80 சதவீத முட்டையைப் போடுகின்றன. மருந்து முக்கியமாகத் தேவைப்படுவது அந்தச் சிலவற்றுக்குத்தான்.

டோஸ் கொடுத்து 14 நாள் கழித்து மறுபடியும் எண்ண வேண்டும். 1,000 முட்டை இருந்தது 400இல் நின்றால், அந்த மருந்து அந்தக் கொட்டகையில் தோற்றுவிட்டது என்று அர்த்தம். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது டெஸ்ட்டைத்தான்.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் குதிரைக்குப் பூச்சி மருந்து வாங்க முடியாது. டெஸ்ட்டை மட்டும் நம்பி மருந்தைக் குறைத்த பண்ணைகளில் பழைய ரத்தப் புழு திரும்பத் தலைகாட்டியது. காரணம், முட்டை போடாத லார்வா டெஸ்ட்டில் தெரியாது. அதனால் முட்டை குறைவாக உள்ள பெரிய குதிரைக்கும் வருடத்துக்கு ஒன்றிரண்டு டோஸ் தேவை.

குட்டிகள் கதை வேறு. அவற்றின் சிறுகுடலில் வளரும் 'பாராஸ்காரிஸ்' என்ற உருளைப் புழு ஒரு அடிக்கு மேல் நீளும். இதன் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐவர்மெக்டினுக்கு அடங்காத பாராஸ்காரிஸ் 2000களின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. புழு மண்டிய குட்டிக்கு மருந்து கொடுத்தால், செத்த புழுக்கள் உருண்டு திரண்டு குடலையே அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. எந்த மருந்து, எந்த வயதில் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் என்ன ஆகும்?

டோஸ் குறைந்துபோகும். புழுவுக்கு மருந்தைப் பழக்கிவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை. எடை மேடை இல்லாவிட்டாலும் ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்கம் வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவும் நீளமும் 140 செ.மீ. என்றால் சுமார் 231 கிலோ.

மருந்தைவிடப் பழைய வைத்தியம் துடைப்பமும் கூடையும்தான். வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளினாலே மேய்ச்சல் இடத்தில் லார்வா நன்றாகக் குறையும். வெயிலில் காய்ந்தால் லார்வா சாகும், ஈரத்தில் பிழைக்கும். ஆகவே ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த, ஈரமான ஊர்களில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. மாடோ ஆடோ அதே புல்லில் மாறி மாறி மேய்வதும் உதவும். குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் வளராது.

முடி சொரசொரப்பாவது, வயிறு மட்டும் பெருத்து உடம்பு இளைப்பது, வாலைச் சுவரில் தேய்ப்பது இதெல்லாம் டெஸ்ட் எடுக்கச் சொல்லும் அறிகுறிகள். ஆனால் குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தீவனம் தொடாமல் படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தைக் கொடுக்காமல், தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.