முயற்கதை தந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்

நீல நிறச் சட்டையணிந்த முயற்குட்டி ஒன்றின் படத்தை நம் பள்ளி நூலகத்தில் உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் பீட்டர். தாயின் சொல்லை மீறி மெக்கிரிகர் என்பாரின் காய்கறித் தோட்டத்துள் நுழைந்து, வயிறு புடைக்கத் தின்று, சட்டையையும் காலணிகளையும் இழந்து ஓடிவந்த குறும்புக்காரக் குட்டி அது. அன்றிரவு தமக்கையர்க்குப் பாலும் ரொட்டியும் பழமும் கிடைத்தன. பீட்டருக்குக் கிடைத்ததோ, நம் வீடுகளில் கஷாயம் கொடுப்பதுபோல், மூலிகைத் தேநீர் ஒரு கரண்டி! இக்கதையை எழுதிப் படமும் தீட்டியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கில அம்மையார் ஆவார்.

இவர் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடியில் பிறந்தார். தம்பி பெர்ட்ராம் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்; தமக்கையாகிய இவரோ பள்ளி வாயிலை மிதித்ததே இல்லை. வீட்டிற்கே ஆசிரியைகள் வந்து கற்பித்தனர். தோழியர் இல்லாத அக்குறையை முயல், எலி, தவளை, முள்ளெலி, வௌவால் ஆகியவை போக்கின. அவற்றை வளர்த்தார், ஓயாமல் வரைந்தார். இறந்த உயிர்களின் எலும்புக் கூட்டையும் விடாமல் ஆராய்ந்து வரைந்தார். பீட்டர் சட்டை அணிந்திருப்பினும், சட்டைக்குள் இருப்பது மெய்யான முயலின் உடலே என்பதைப் படத்தை உற்று நோக்குவோர் உணர்வர். கணக்கு ஏட்டின் ஓரத்தில் படம் வரையும் மாணவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நமக்கும் உண்டு. இவ்வம்மையாரின் வரலாற்றைப் படித்த பின்னர் நம் பிரம்பு சற்றே தயங்குகிறது.

காளான்கள் மீதும் இவருக்குப் பெருவிருப்பம். மழை விட்ட மறுநாள், அன்று பால்மரக் காட்டிலும் இன்று செம்பனைக் காட்டிலும் காளான் தேடி ஓடும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் இவர் பறித்துக் கறி சமைக்கவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதன் நுண்வித்துகள் முளைக்கும் விதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1897ஆம் ஆண்டில் அக்கட்டுரை இலண்டன் லின்னேயன் கழகத்தில் அளிக்கப்பட்டபோது, எழுதியவர் அவையில் இல்லை. மகளிர் அக்கூட்டங்களுக்கு வரலாகாது என்பது அந்நாளைய விதி!

முயற்கதை பிறந்த விதம் சுவையானது. இவருடைய முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமல், 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு மடலாக எழுதி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அதனை நூலாக்க எண்ணிக் கேட்டபோது, அச்சிறுவன் மடலைப் பத்திரமாக வைத்திருந்தான். பதிப்பகத்தார் பலர் நூலை ஏற்க மறுத்தனர். குழந்தையின் கைக்குள் அடங்கும் சிறு நூலாக, குறைந்த விலையில் அது வரவேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். ஆகவே 1901ஆம் ஆண்டு டிசம்பரில் தம் கைப்பொருளைச் செலவிட்டு 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு அக்டோபரில் பிரடெரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களுடன் அதனை வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங். நூல் விரைந்து விற்றது. தொடர்ந்து அணில், எலி, வாத்து, பூனை எனக் கதைகள் பல வந்தன.

புகழோடு துயரும் வந்தது. பதிப்பக உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் இவரை மணக்க விரும்பினார். வணிகக் குடும்பம் என்று கூறிப் பெற்றோர் எதிர்த்தனர். எனினும் 1905ஆம் ஆண்டு ஜூலையில் மணம் பேசி முடிவாயிற்று. அடுத்த திங்களிலேயே நார்மன் நோயால் மாண்டார். மனமுடைந்த அம்மையார், அவ்வாண்டே இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில், நூல் விற்ற பணத்தையும் கொண்டு ‘ஹில் டாப்’ என்னும் பண்ணையை வாங்கினார். அங்கிருந்த வீடும் வேலியும் வாத்தும் பிற்கால நூல்களில் அப்படியே இடம்பெற்றன.

1913இல் வில்லியம் ஹீலிஸ் என்னும் வழக்கறிஞரை மணந்த பின், எழுத்து குறைந்தது, உழவு மிகுந்தது. பழைய உடையும் மரக்காலணியுமாகச் சேற்றில் நடந்தார். ஹெர்ட்விக் என்னும் மலையாட்டினம் அருகிவிடாதபடி காத்தார். கட்டடக்காரர் கைக்குப் போகவிருந்த நிலங்களை விலைக்கு வாங்கினார்.

1943ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திற்கு எழுதி வைத்திருந்தார். அம்மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்த்து வரவேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய சாம்பலை ஆட்டிடையர் ஒருவர் ஹில் டாப்பை அடுத்த குன்றுப் பகுதியில் தூவினார். இன்ன இடம் என்று ஊரார்க்கு அவர் கூறவில்லை.