உங்க ஊர் ரயில்வே கேட் பாதுகாப்பானதா? தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு வார்த்தை - ‘இன்டர்லாக்கிங்’!

ரயில்வே கேட்ல நிக்கும்போது, ‘எப்போதான் திறப்பாங்க’ன்னு கடுப்பாகிறோம். ஆனா, நாம கேட்க வேண்டிய கேள்வி வேற. கேட் திறந்திருந்தா, ரயில் நிக்குமா?

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி, 3 மாணவர்கள் உயிரிழந்தனர். தப்பு கேட் கீப்பர் மேலயா, வேன் டிரைவர் மேலயான்னு பெரிய விவாதம் நடந்துச்சு. ஆனா, அது இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்டர்லாக்கிங்னா என்ன?

கேட்டையும் சிக்னலையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சுப் பூட்டுறது. கேட்டை மூடிப் பூட்டினாதான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் கிடைக்கும். கதவைச் சரியா மூடலைன்னா வாஷிங் மெஷின் ஓடாதுல்ல... அதே லாஜிக்தான்!

இந்த வசதி இல்லாத இடத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல தகவல் சொல்வார். கேட் கீப்பர் மூடிட்டு உறுதி செய்யணும். அசதியில் ஒரு தப்பான பதில் போதும், ரயில் வந்துடும். டிரைவர் பிரேக் போட்டாலும், வேகமா வர்ற ரயில் நிக்க பல நூறு மீட்டர் தேவை.

ஏன் எல்லா கேட்லயும் இல்லை?

காரணம், செலவும் விதியும். ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி வரும் எண்ணை வெச்சுதான் முன்னுரிமை தர்றாங்க. இந்த வரம்பு முன்பு 20,000. கடலூர் விபத்துக்குப் பிறகு 10,000 ஆகக் குறைச்சாங்க. தோராயமா 20 ரயில், 600 வண்டி போற கேட்னா 12,000. முன்பு பட்டியலில் வராத அந்த கேட், இப்போ வரும். ஒரு விதியில் ஒரு எண் மாறினா எவ்வளவு மாறுது பாருங்க!

மனசு வெச்சா முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லா கேட்கள் எல்லாத்தையும் 2019 ஜனவரிக்குள் நீக்கிட்டாங்க.

மேம்பாலமும் சுரங்கப்பாதையும்தான் நிரந்தரத் தீர்வு. ஆனா, நிலம் எடுக்கவே பல வருஷம் ஆகும். சுரங்கப்பாதையில் மழைத்தண்ணி நின்னா, ஜனங்க மறுபடி தண்டவாளத்துலதான் ஏறுவாங்க. வடிகாலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

* மூடின கேட்டுக்குக் கீழே குனிஞ்சு போகாதீங்க. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைஞ்சா 6 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.
* கேட்ல ஏதாவது கோளாறுன்னா 139-க்கு போன் பண்ணுங்க.
* ‘எங்க ஊர் கேட் இன்டர்லாக்கிங் செய்யப்பட்டதா? இல்லைன்னா எப்போ செய்வீங்க?’ன்னு ஆர்.டி.ஐ மூலமா கேளுங்க. வர்ற பதிலோட உங்க எம்.பி-யைப் போய்ப் பாருங்க.

கேட் கீப்பரும் மனுஷன்தான், அசதியில் தவறலாம். அப்படித் தவறினாலும் ரயில் நிக்கிற மாதிரி செய்யறதுதான் அரசோட வேலை.