சொந்த ரத்தமே மருந்து: பவாயில் உருவான புற்றுநோய் சிகிச்சை

தாராவியிலோ செம்பூரிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்து எல்லோர் வாயிலும் வருவது “டாடா ஆஸ்பத்திரி”. 1941-ல் பரேலில் திறக்கப்பட்ட இந்த ஆஸ்பத்திரி 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து, தங்க இடமின்றி வெளியே நடைபாதையில் படுத்திருக்கும் நோயாளிகளை நம்மவர்கள் பார்த்திருப்பார்கள்.

இந்த ஆஸ்பத்திரி டாக்டர்களும் பவாய் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. பெயர் ‘நெக்ஸ்கார்-19’. ஐ.ஐ.டி. பேராசிரியர் ராகுல் புர்வார், டாடா டாக்டர்கள் கௌரவ் நருலா, ஹஸ்முக் ஜெயின் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள்.

இது மாத்திரை அல்ல. நோயாளியின் ரத்தத்திலிருந்தே மருந்து தயாராகிறது!

வளையத்தில் ஒரு கட்டளை

வெள்ளை அணுக்களில் ‘டி’ செல் என்று ஒரு வகை. உடம்புக்குப் போலீஸ் மாதிரி. ஆனால் புற்றுநோய் செல் சொந்த உடம்பிலேயே பிறந்தது. போலீசுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. அடையாளம் காட்டும் மரபணுவை டி செல்லுக்குள் புகுத்த வேண்டும்.

இங்கேதான் ‘பிளாஸ்மிட்’ வருகிறது. பாக்டீரியாவுக்குள் இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம் இது. 1952-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க் வைத்த பெயர். வளையத்தை வெட்டி வேண்டிய மரபணுவை ஒட்டிவிட்டால், பாக்டீரியா பெருகப் பெருக வளையமும் பெருகும். மனித செல்லில் அது வேலை செய்ய, “இங்கிருந்து படி” என்று சொல்லும் ஒரு துண்டை மரபணுவுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்களில் மரபணுவோடு ஓர் அடையாளத் துண்டும் சேர்ப்பதுண்டு. பார்சலில் ஒட்டும் சீட்டு மாதிரி! ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே நம் சரக்கு எது, எங்கே போய் இறங்கியது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இப்படிப்பட்ட வளையங்களை, கூடத்தில் வளர்த்த மனித செல்களுக்குள் விட்டால், அவை மரபணுவைச் சுமக்கும் வைரஸ்களைத் தயாரித்துக் கொடுக்கும். எய்ட்ஸ் கிருமியிலிருந்து எடுத்த வைரஸ் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிடுகிறார்கள். அது தானாகப் பெருக முடியாது. அந்த வைரஸ் மரபணுவை டி செல்லில் சேர்க்கிறது. பிறகு அந்த செல்களைப் பெருக்கி நோயாளிக்கே திரும்ப ஏற்றுகிறார்கள்.

முதல் நோயாளிக்கு ஏற்றியது 2021 ஜூனில், கார்கரில் உள்ள டாடா ஆராய்ச்சி மையத்தில்.

எல்லோருக்கும் அல்ல

‘பி’ செல்லில் உண்டாகும் சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே இது. அதிலும் மற்ற சிகிச்சை பலிக்காதவர்களுக்கு, நோய் திரும்ப வந்தவர்களுக்கு. நல்ல பி செல்களும் சேர்ந்து அழிவதால் தொற்று நோய் வரும் அபாயம் உண்டு. சோதனையில் 100-க்கு 73 பேருக்குப் பலன் தெரிந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அமெரிக்காவில் 2017-ல் வந்த இதே வகை மருந்தின் விலை 4,75,000 டாலர். இங்கே அறிமுகமானபோது சொன்ன செலவு சுமார் 30 முதல் 40 லட்சம் ரூபாய். மலிவுதான். ஆனால் தோல் பட்டறைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் அந்தத் தொகைக்கு எங்கே போவார்கள்? பரேல் ஆஸ்பத்திரியில் சமூக சேவைப் பிரிவு இருக்கிறது. நகையை அடகு வைப்பதற்கு முன் அங்கே போய் விசாரிப்பது நல்லது.