பரதவர் சாதித்தலைவர் பட்டம்

சாதித்தலைவர் என்பது தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த முத்துக்குளித்துறைப் பரதவரின் பரம்பரைத் தலைமைப் பட்டமாகும். பாண்டியபதி என்றும் இது வழங்கப்பட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்த மூன்று ஐரோப்பிய அரசுகளின் ஏற்பையும் இப்பட்டம் பெற்றிருந்தது.

பின்னணி

1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் முசுலிம் வணிகருக்கும் இடையே மோதல் முற்றியது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். அதைத் தொடர்ந்து முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542இல். அதாவது இம்மதமாற்றத்திற்குச் சில ஆண்டுகள் கழித்தே. சாதித்தலைவரின் பெயரில் ‘தொன்’ என்ற மதிப்பு முன்னொட்டும், சிலுவை எனப் பொருள்படும் ‘தெ குருஸ்’ என்ற போர்த்துக்கேயப் பெயரும் இடம்பெற்றன.

வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களில் பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த்தலைவர்கள் இருந்தனர். சாதித்தலைவர் இவர்களுக்கு மேலானவர். வழக்குகளைத் தீர்ப்பதும் முத்துக்குளிப்புக்கு ஆட்களைத் திரட்டுவதும் அவருடைய பொறுப்புகளாக இருந்தன.

ஆங்கிலேயப் பட்டங்களும் இப்பட்டமும்

இங்கிலாந்தின் பரம்பரைப் பிரபுப் பட்டங்களில் பெரும்பாலானவை அரசரின் பட்டயத்தால் உண்டானவை. பட்டம் யாருக்குப் போகும் என்பதையும் பட்டயமே வரையறுக்கும். வழக்கமாக மூத்த மகனே பட்டம் பெறுவார். பட்டயம் குறிப்பிடும் வழியில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் பட்டம் மறைந்துவிடும்.

சாதித்தலைவர் பட்டத்தின் வேர் அரச ஆணையில் இல்லை. சமூகத் தலைமையில் இருந்தது. குடும்ப வழியில் வந்தாலும், அது செல்வாக்குடன் நிலைக்க ஊர்ப் பட்டங்கட்டிகள், திருச்சபை, ஆளும் அரசு ஆகிய மூன்று தரப்பின் ஏற்பும் தேவைப்பட்டது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். பரதவரோ கத்தோலிக்கராகவே நீடித்தனர். ஆயினும் ஒல்லாந்தர் சாதித்தலைவரை விலக்கவில்லை. மூழ்குவோரைத் திரட்ட அவருடைய உதவி அவர்களுக்கு வேண்டியிருந்தது.

உரிமைகளும் மரியாதைகளும்

முத்துக்குளிப்பில் ஆட்சியாளர் பெற்ற சலுகைகள் ஒரு காலத்தில் ‘கல்’ கணக்கில் அளக்கப்பட்டன. மூழ்குபவர் விரைந்து கடலடிக்குச் செல்லப் பயன்படுத்தும் கல்லே அது. ஆங்கிலேயர் காலத்தில் சாதித்தலைவருக்குச் சலுகைப் படகுகள் ஒதுக்கப்பட்டன. அப்படகுகளின் வருவாய் அவருடைய பணிக்கான ஊதியமாக அமைந்தது.

கோயில் மரியாதையும் பட்டத்தின் வலிமைக்குக் காரணமாக இருந்தது. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர், தேர்மாறன் என அழைக்கப்படும் சாதித்தலைவர் தொன் கபிரியேல் தெ குருசின் முயற்சியால் 1806இல் உருவானது.

செல்வாக்கின் சரிவு

1825இல் தூத்துக்குடி நிலையாக ஆங்கிலேயர் வசமானது. அந்நூற்றாண்டில் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் நடைபெறாமல் போனது. குளிப்பு இல்லாத ஆண்டில் சலுகைப் படகுக்கும் வருவாய் இல்லை. துறைமுக வணிகத்தால் செல்வம் சேர்த்த புதிய குடும்பங்கள் எழுந்தன. கோவா சார்ந்த குருக்களுக்கும் உரோமை நேரடியாக அனுப்பிய குருக்களுக்கும் இடையே நிலவிய அதிகாரப் போட்டி பரதவ ஊர்களையும் பிளவுபடுத்தியது. மூன்று தரப்பின் ஏற்பும் இவ்வாறு தளர்ந்ததால், வாரிசு இருந்தும் பட்டத்தின் அதிகாரம் குறைந்தது. அரசு நடத்திய முத்துக்குளிப்பும் 1961உடன் நின்றுபோனது.

இதற்கு இணையான மாற்றத்தை இங்கிலாந்திலும் காணலாம். 1999ஆம் ஆண்டின் சட்டம் 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்களின் மேலவை இருக்கையை நீக்கியது, பட்டங்களை நீக்கவில்லை. பட்டம் குடும்பத்தில் தொடரலாம். அதனுடன் வந்த உரிமை தொடர, அதை ஏற்பவர்களும் இருக்க வேண்டும். பனிமய மாதாவின் தங்கத்தேர் இன்றும் சிறப்பு ஆண்டுகளில் தூத்துக்குடித் தெருக்களில் வலம் வருகிறது.